"வா" என்று ஒரு குரல்



சென்ற இதழில் நடைப்பயிற்சி பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதன் பிறகு குச்சவெளி, கும்புறுப்பிட்டி, திரியாய், இறக்கண்டிப் பக்கங்களிலிருந்து வந்த கடிதங்களில் மூன்று கேள்விகளே திரும்பத் திரும்ப இருந்தன. விறகுக்கும் தண்ணீருக்கும் தினமும் நடக்கிறோமே, அது போதாதா? புருஷன் இல்லாத பெண் காலையில் கையை வீசிக்கொண்டு றோட்டால் நடந்தால் சனம் என்ன கதைக்கும்? மாரி தொடங்கினால் எங்கே நடப்பது?

மூன்றும் நியாயமான கேள்விகள். நேராகப் பதில் சொல்வதற்கு முன்னர் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் யுத்தத்துக்குள் வளர்ந்தவர்தான். மலைக்குமேல் மலையாக ஏறி இறங்கி ஓடுவதில் உலகப் பெயர் பெற்றவர். அவர் பெயர் மீரா ராய். நேபாளத்தைச் சேர்ந்தவர்.

மலைப்பாதை ஓட்டம் என்றால் என்ன?

பாடசாலை மைதானத்தில் சுற்றி ஓடுவதோ தார் றோட்டில் ஓடுவதோ அல்ல இது. மாடு போகும் பாதை, காட்டுப் பாதை, கல்லும் சேறும் நிறைந்த ஒற்றையடிப் பாதை ஆகியவற்றால் ஒரு மலையில் ஏறி, இறங்கி, மறு மலையில் ஏறுவது. தூரம் 20 கிலோமீற்றராகவும் இருக்கலாம், 100 கிலோமீற்றரைத் தாண்டியும் போகலாம். இதில் ஒரு சங்கதி உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் உலகச் சம்பியன்களும் ஓடுவதில்லை. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நடக்கிறார்கள். நடப்பதை அங்கே யாரும் தோல்வியாக நினைப்பதில்லை. சாப்பிடுவதும், தண்ணீர் குடிப்பதும், மழை வந்தால் மேலங்கி போடுவதும் ஓட்டத்தின் பகுதிகளே.

எங்களுக்கு விளங்கும்படி சொல்வதானால், சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து உச்சிக்குப் போவதற்கு ஏறக்குறைய 1,000 மீற்றர் ஏற வேண்டும். அதற்கே பலருக்கு ஓர் இரவு போய்விடுகிறது. மீரா ராய் 2015இல் பிரான்ஸில் ஓடிய போட்டியில் 80 கிலோமீற்றர் தூரத்துக்குள் ஏறிய ஏற்றங்களைக் கூட்டினால் 6,000 மீற்றர் வரும். ஒரே மூச்சில் ஆறு தடவை அந்த மலைக்கு ஏறி இறங்கியதற்குச் சமம்.

அரிசி மூட்டையும் யுத்தமும்

கிழக்கு நேபாளத்தில் போஜ்பூர் என்ற மலை மாவட்டம். அங்கே ஓர் ஏழைக் குடும்பத்தில் 1980களின் கடைசியில் மீரா பிறந்தார். 12 வயதளவில் பாடசாலை நின்றுபோனது. வீட்டு வேலை, தண்ணீர், ஆடு மாடு இவற்றோடு, அரிசி மூட்டை சுமந்து மலையேறிச் சந்தைக்குப் போய் விற்று வருவதும் அவருடைய வேலையாயிற்று. பின்னாளில் உலகம் வியந்த கால்கள் அப்போதே தயாராகிவிட்டன. பயிற்சி என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. வறுமை என்றுதான் சொன்னார்கள்.

நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை அரசுக்கும் மாவோவாதிகளுக்கும் இடையில் யுத்தம் நடந்தது. மீரா பதின்ம வயதிலேயே வீட்டைவிட்டுப் போய் மாவோவாதிப் படையில் சேர்ந்தார். வயிறாரச் சாப்பாடு கிடைக்கும், ஆண்பிள்ளைக்குச் சமமாக நடத்துவார்கள் என்ற நம்பிக்கை அவரைப் போன்ற பல சிறுமிகளை அங்கே இழுத்தது. அந்த முகாமில்தான் ஓட்டமும் கராத்தேயும் பழகினார். ஒரு பிள்ளை சாப்பாட்டுக்காகவும் மரியாதைக்காகவும் துவக்கு உள்ள இடத்துக்குப் போக நேர்ந்தது அந்தப் பிள்ளையின் குற்றமல்ல. இதை நாங்கள் விரித்துச் சொல்லத் தேவையில்லை. எங்கள் தாய்மாருக்குத் தெரியாத கதையா இது?

2006 நவம்பரில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. ஐக்கிய நாடுகள் சபையின் குழு முகாம்களில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பதிந்தது. அவர்களில் 4,008 பேர் படையில் தொடர்ந்து இருக்கத் தகுதியற்றவர்கள் என்று பிரிக்கப்பட்டு, 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுள் 2,973 பேர் 18 வயதாகுமுன் சேர்க்கப்பட்டவர்கள். வயது குறைவு என்று விலக்கப்பட்டவர்களில் மீராவும் ஒருவர்.

சிறுவர்களை விடுவித்தது சரியான காரியமே. ஆனால் அவர்களுக்கு வைத்த பெயரைப் பாருங்கள். நேபாளி மொழியில் தகுதியற்றவர் என்பதற்கு "அயோக்ய" என்று சொல்வார்கள். அதே சொல்தான் தமிழில் அயோக்கியர் என்று வசவாக வழங்குகிறது. நேபாளத்திலும் அந்தப் பெயர் அப்பிள்ளைகளை மிகவும் நோகச் செய்தது. ஊருக்குத் திரும்பியபோது அந்தச் சொல் முன்னால் போய்க் காத்திருந்தது. வேலை இல்லை, படிப்பு இல்லை, பெண்பிள்ளை என்றால் கலியாணமும் கேள்விக்குறி.

இங்கும் புனர்வாழ்வு முடித்து வந்த பெண்களுக்கு, கணவன் காணாமற் போன பெண்களுக்கு, தனியே பிள்ளைகளை வளர்க்கும் பெண்களுக்கு இப்படி ஏதாவது ஒரு பெயர் ஒட்டப்பட்டிருக்கிறது. பெயர் வேறு, நோவு ஒன்று.

மலைகளில் ஒரு நாள்

முகாமைவிட்டு வந்த பின் மீராவின் முன்னால் இருந்த வழி, எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்கு இருந்த வழிதான். வெளிநாடு போவது. இங்கிருந்து மத்திய கிழக்குக்குப் போவதைப் போல நேபாளத்திலிருந்து மலேசியாவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போவார்கள். மீராவும் அதற்கு ஆயத்தமாகியிருந்தார். அவருக்குக் கராத்தே பழக்கிய ஆசிரியர், போக வேண்டாம், கத்மண்டுவில் இருந்து பயிற்சி செய் என்று தடுத்தார். வந்தார். கையில் காசில்லாத வாழ்க்கை. காலையில் நகருக்கு வெளியே உள்ள மலைகளில் ஓடுவார்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள் மலைப்பாதையில் ஓடும் வேறு சிலரைச் சந்தித்தார். பேச்சுக் கொடுத்தார்கள். சேர்ந்து ஓடினார்கள். தாங்கள் போகும் ஓர் ஓட்டத்துக்கு "நீயும் வா" என்று கூப்பிட்டார்கள். அது 50 கிலோமீற்றர் போட்டி என்பதும், அதற்கு எப்படி ஆயத்தமாவது என்பதும் மீராவுக்குச் சரியாகத் தெரியாது.

2014 மார்ச் மாதம். கத்மண்டுப் பள்ளத்தாக்கைச் சுற்றி நிற்கும் மலைகளின் மேற்கு விளிம்பு. மற்றவர்களிடம் நல்ல சப்பாத்து, தண்ணீர்ப் பை, உணவு எல்லாம் இருந்தன. மீராவின் காலில் மலிவு விலைச் சப்பாத்து. வழியில் தின்ன எதுவுமில்லை. இடையில் வானம் கறுத்தது. மழை கொட்டியது, ஆலங்கட்டியும் விழுந்தது. பசியால் தலை சுற்றியது. வழியில் நூடில்ஸும் பழச்சாறும் வயிற்றில் விழுந்த பிறகு உடம்பில் உயிர் வந்தது. மீண்டும் ஓடினார். அன்று அந்தப் போட்டியை முடித்த பெண் அவர் ஒருவரே.

அதற்குப் பின் நடந்தவை கிடுகிடுவென்று நடந்தன. அந்த ஓட்டக்காரர்கள் அவரை விட்டுவிடவில்லை. அடுத்தடுத்த போட்டிகளுக்கு வழி செய்தார்கள். அதே ஆண்டு இத்தாலிக்குப் போய் இரண்டு போட்டிகளில் வென்றார். 2015 ஜூனில் பிரான்ஸில் மொன் பிளாங்க் மலைச் சாரலில் நடந்த 80 கிலோமீற்றர் போட்டியில் 12 மணித்தியாலம் 32 நிமிடத்தில் பெண்களில் முதலாவதாக வந்தார். 2016இல் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. ஓய்ந்திருந்து, 2017இல் ஸ்கொட்லாந்தின் பென் நெவிஸ் மலைப் பகுதியில் நடந்த 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டத்தில் மீண்டும் வென்றார். அதே ஆண்டு நேஷனல் ஜியோகிரபிக் நிறுவனம் மக்களின் வாக்கெடுப்பு மூலம் அவரை அவ்வாண்டின் சாகசவீரராகத் தெரிவு செய்தது.

மனவுறுதி இருந்தால் எதுவும் முடியும் என்று இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அது அரைவாசிதான் உண்மை. மீராவிடம் இருந்த உறுதி அரிசி சுமந்த நாளிலும் இருந்தது, முகாமிலும் இருந்தது, மலேசியா போக ஆயத்தமான நாளிலும் இருந்தது. இல்லாமல் இருந்தது "வா" என்று கூப்பிடும் ஒரு குரலும் கூட ஓடும் நாலு பேரும்தான். அவர்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. யார், எங்கே இருந்தாய், எந்தப் பக்கம் நின்றாய் என்று விசாரணை வைக்காமல் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான்.

காலநிலை கெட்டால்

மழைக்குள் ஓடி வென்றார் என்று எழுதியதும் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மலைக் காலநிலை எல்லோருக்கும் இப்படி இரக்கம் காட்டுவதில்லை.

2021 மே 22ஆம் திகதி சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீற்றர் மலைப்பாதைப் போட்டி நடந்தது. 172 பேர் ஓடினார்கள். மதியத்தை அண்டிய நேரத்தில் மலையின் உயரமான பகுதியில் கடுங்காற்றும் குளிர்மழையும் ஆலங்கட்டியும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. பலர் மெல்லிய சட்டையோடும் அரைக் காற்சட்டையோடும் இருந்தார்கள். காற்றுத் தடுக்கும் மேலங்கி கட்டாயமாக்கப்பட்டிருக்கவில்லை. 21 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் அந்நாட்டின் முதல்தர ஓட்டக்காரர்களும் இருந்தார்கள்.

அன்று அந்த மலையில் ஜூ கமிங் என்ற இடையர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். மழைக்கு ஒதுங்கிய குகைக்கு வெளியே ஓட்டக்காரர் ஒருவர் நடுங்கிக்கொண்டு நிற்பதைக் கண்டு உள்ளே கூட்டிப்போனார். நெருப்பு மூட்டினார். பிறகு வெளியே போய் இன்னும் சிலரைக் கொண்டுவந்தார். ஆறு பேரின் உயிர் பிழைத்தது.

குளிர் எப்படி ஆளைக் கொல்கிறது என்பதை நாங்களும் அறிந்திருப்பது நல்லது. நனைந்த உடுப்பு உடம்பின் சூட்டை மிக வேகமாக இழுத்துவிடும். காற்றும் சேர்ந்தால் இன்னும் வேகம். முதலில் நடுக்கம் எடுக்கும். பிறகு பேச்சுக் குழறும், கால் தடுமாறும், புத்தி மந்தமாகும். இதில் பயங்கரம் என்னவென்றால், அந்த நிலைக்கு வந்தவருக்குத் தான் ஆபத்தில் இருப்பது தெரியாது. எனக்கு ஒன்றுமில்லை என்பார். பக்கத்தில் நடக்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே மலைக்குப் போகிறவர்கள் கூட்டாகப் போவது அச்சத்தினால் மட்டுமல்ல, ஒருவர் உடம்பை மற்றவர் பார்த்துக்கொள்வதற்காக.

அப்படி ஒருவரைக் கண்டால் காற்றுப் படாத இடத்தில் இருத்துங்கள். நனைந்த உடுப்பை மாற்றிக் காய்ந்த துணியால் தலையும் உடம்பும் சேரப் போர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சூடான சீனித் தேநீர் கொடுக்கலாம். கை காலைத் தேய்க்கக் கூடாது. சாராயம் கொடுக்கவே கூடாது, அது உடற்சூட்டை மேலும் குறைக்கும். பிறகு வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். சிவனொளிபாதமலைக்குக் குழந்தைகளோடு இரவில் ஏறும் சகோதரிகள் இதை மறக்க வேண்டாம். ஆளுக்கொரு காய்ந்த மாற்றுடுப்பைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துப் போங்கள்.

எங்கள் ஊரில்

இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.

குச்சவெளியில் மலைத்தொடர் இல்லை. ஆனால் கடற்கரை மணல் இருக்கிறது. மணலில் கால் புதைவதால், அதே தூரத்தைத் தரையில் நடப்பதைவிட அதிக பலம் வேண்டும். ஈர மணலில் தொடங்கிச் சற்று நேரம் காய்ந்த மணலில் நடந்து பாருங்கள். கெண்டைக்கால் தானாகச் சொல்லும்.

விறகுக்கு நடப்பது போதாதா என்று கேட்டீர்கள். அந்த நடை உங்கள் கால்களை மீராவின் கால்களைப் போல உறுதியாக்கியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது பாரம் சுமக்கும் நடை. கழுத்தும் இடுப்பும் நோக, மனம் அடுப்பைப் பற்றியே எண்ணிக்கொண்டிருக்கும் நடை. வெறுங்கையோடு, உங்களுக்காக மட்டும், பக்கத்தில் ஒருவரோடு கதைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் நடப்பது வேறு. இரவில் நித்திரை வராமல் பழையவற்றை எண்ணிப் புரளும் பெண்களுக்கு இது உண்மையில் உதவும். ஒழுங்கான உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கும் என்பது வைத்தியத்துறை ஏற்றுக்கொண்ட விடயம்.

சனம் என்ன கதைக்கும்? கதைக்கும்தான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் கரையோரப் பாதையால் கிழக்கை நீளக் கடந்து போகிறார்கள். அவர்களில் எத்தனை பெண்கள், எத்தனை கைம்பெண்கள்! நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நடக்கும் அவர்களை யாரும் ஏன் நடக்கிறாய் என்று கேட்பதில்லை. தண்ணீர் கொடுத்துக் கும்பிடுகிறோம். ஆகவே பெண் நெடுந்தூரம் நடப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. தனியாக நடக்கும் பெண்ணைப் பற்றிக் கதைக்கும் வாய், ஐந்து பேர் சேர்ந்து ஒரு மாதம் தவறாமல் நடந்தால் அலுத்துப்போய்விடும். தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் அயலில் இருக்கும் இடங்களில் சேர்ந்தே நடக்கலாம். அபாயா அணிந்தும் நடக்கலாம், சேலையை உயர்த்திச் செருகியும் நடக்கலாம். கால் தடுக்காமல் இருந்தால் சரி.

வயது போய்விட்டது என்பவர்களுக்கு முல்லைத்தீவு அகிலத்திருநாயகி அவர்களை நினைவூட்டுகிறோம். 70 வயதைக் கடந்த பின், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1,500 மீற்றர் ஓட்டத்தில் தங்கப்பதக்கம் பெற்று வந்தவர் அவர்.

மாரி காலத்தில் எப்படி நடப்பது என்பதற்குச் சில ஒழுங்குகள்:

1. கூட்டத்தில் ஆகப் பின்னால் வருகிறவரின் வேகமே எல்லோருடைய வேகம். கதைத்துக்கொண்டு நடக்க முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் குறையுங்கள்.

2. இடி கேட்டால் கடற்கரையையும் களப்புக் கரையையும் வெட்டவெளியையும் விட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். தனிப் பனையின் கீழோ தென்னையின் கீழோ நிற்க வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பின் வெளியே வாருங்கள்.

3. வாடைக்காலத்தில் கடல் குமுறும். அலை ஏறும் விளிம்பில் நடக்காமல் உள்ளே தள்ளி நடங்கள், அல்லது ஊருக்குள் இருக்கும் பாதையால் போங்கள்.

4. யானை நடமாட்டம் உள்ள இடங்களில் விடியுமுன்னும் பொழுதுபட்ட பின்னும் காட்டோரப் பாதை வேண்டாம். எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் கால் வைக்க வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

5. போகுமுன் ஏதாவது சாப்பிடுங்கள். ஒரு வாழைப்பழமோ இரண்டு பேரீச்சம்பழமோ போதும். எல்லோரும் சாப்பிட்ட மிச்சத்தைச் சாப்பிடும் எங்கள் பழக்கம் நடைக்கு உதவாது.

6. பிரஷர், நீரிழிவு, இருதய வருத்தம் உள்ளவர்கள், உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள், கர்ப்பிணிகள் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். செயற்கைக்கால் அணிந்தவர்கள் நடந்த பின் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். மழை நாளில் உறை ஈரமாக இருந்தால் புண் வரும்.

7. காலநிலை கெட்டால் திரும்புங்கள். ஒருவர் திரும்புவோம் என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும், அதைப் பற்றிப் பிறகு பகிடி பண்ணக் கூடாது. நாளைக்கும் அதே பாதை இருக்கும்.

மீரா ராய் வெற்றி பெற்ற பின் செய்த முதற் காரியங்களில் ஒன்று, 2015இல் தன் சொந்த ஊரிலேயே ஓர் ஓட்டம் நடத்தியது. தான் அரிசி சுமந்த பாதைகளில் ஊர்ப் பெண்பிள்ளைகளை ஓடவிட்டார். பிறகு தன் பெயரில் ஓர் அமைப்புத் தொடங்கி, கிராமத்து இளம் பெண்களைக் கத்மண்டுவுக்கு வரவழைத்துத் தங்கவைத்து, ஓட்டத்தோடு ஆங்கிலமும் தொழிலுக்கு உதவும் பயிற்சியும் கொடுத்து வருகிறார். தன்னை ஒருவர் கூப்பிட்டதை, தான் பலரைக் கூப்பிட்டுத் தீர்க்கிறார்.

உங்கள் ஒழுங்கையிலும் ஒரு பெண் இருப்பார். சங்கக் கூட்டத்துக்கு வராதவர், நல்லது கெட்டதுக்கு ஒதுங்கி நிற்பவர், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாததால் எல்லோரும் கூப்பிடாமல் விட்டவர். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அவர் படலையில் நின்று, நாளைக்கு விடிய நடக்கப் போகிறோம், நீங்களும் வாங்கோ என்று ஒரு தடவை கேளுங்கள். வரவில்லை என்றால் அடுத்த கிழமை திரும்பக் கேளுங்கள். எத்தனை பேர் நடந்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள்.

அடுத்த இதழில் முழங்கால் நோவு பற்றிப் பார்ப்போம்.